ஏரிக்கரையில் ஒரு மணித்தியாலம்

மே 11, ஞாயிறு. நொஷாட்டல்.

அக்கா வீட்டாரோடை ஏரிக்கரைக்குப் போனன். மகரந்தம் பறக்கிற காலம் எண்டு காலமையே அலர்ஜிக் குளிசை போட்டு, கறுப்புக் கண்ணாடியும் மாட்டினன். விண்டர் முழுக்க வீட்டுக்குள்ளை கிடந்த எனக்கு அந்த வெயில் நல்ல சுகமாய் இருந்தது. ஒரு மணித்தியாலத்திலை கண்ணாலை தண்ணி ஓடத் தொடங்கிச்சுது. கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சன்.

அக்கா பக்கத்திலை இருந்தவையிட்டை மெல்லமாய்ச் சொன்னா: "மனுசன் விட்டிட்டுப் போனதிலை இருந்து இவள் இப்பிடித்தான்."

"அலர்ஜி அக்கா, வேறை ஒண்டுமில்லை," எண்டன்.

"ஓம், ஓம்," எண்டு முதுகைத் தடவினா. அத்தானிட்டைச் சொல்லி என்னைக் காரிலை வீட்டை அனுப்பிப்போட்டா. அப்பவும் வெயில் நல்லாய் எறிச்சுக்கொண்டிருந்தது.

அவர் போன அண்டு நான் ஒரு சொட்டும் அழேல்லை. அதை அக்காவுக்குச் சொல்லமாட்டன். சொன்னால் அதுக்கும் ஒரு கதை கட்டுவா.