மேகத்துக்கு மிளகு

மச்சான்,

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தைப் பார்த்ததும் உன் வேட்டி மடிப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. நீ அந்தப் புத்தகத்தை எப்போதும் இடுப்பில்தான் செருகி வைத்திருப்பாய். வாழவந்தி நாட்டில் அதை எழுதிய கவிஞர் குடியிருந்த ஓட்டு வீட்டை இப்போது நினைவில்லமாக ஆக்கியிருக்கிறார்கள். அவருடைய கட்டில், குடை, மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கின்றன. நேற்று பஸ் ஏறிப் போய் வந்தேன்.

எதற்குப் போனேன் என்று உனக்குத் தெரியும். மிளகு பறிக்கும் நாட்களில் நான் ஏணி உச்சியில் இருப்பேன். உனக்கு உயரம் ஆகாது. கீழே நின்று ஒரு கையால் ஏணியை அணைத்துக்கொண்டு, மறு கையில் புத்தகத்தை விரித்துப் படிப்பாய். எனக்கோ அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. அதில் மழையைப் பற்றி ஒரு பாட்டு. அதன் கடைசியில் இப்படி வரும்:

"ஏணி உச்சியில் ஒருத்தன்
மேகத்துக்கு மிளகு பறித்துக் கொடுக்கிறான்."

"இன்னொருக்கா படி மச்சான்" என்பேன்.

"சும்மாப் படிக்க முடியுமா? இன்னும் நாலு கொத்து சேத்திப் பறி மாப்ள. இவரு உன்னையப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காரு" என்பாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அன்றைக்கெல்லாம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

நீ கண்ணை மூடின பிறகு அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. அந்த வரியை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்த வயதில் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

நினைவில்லத்துச் சுவரில் அந்த மழைப் பாட்டைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். மழை பெய்தது, ஓடை நிறைந்தது, பாட்டு முடிந்துவிட்டது. ஏணியைக் காணோம்.

அங்கே வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். "கண்ணு, கடைசி ரெண்டு வரிய உட்டுட்டீங்களே."

அவள் மேசையில் இருந்த புதுப் பதிப்பை விரித்துக் கொடுத்தாள். "பழைய புத்தகத்துலயும் பாட்டு இவ்வளவுதானுங்க அப்புச்சி."

நானும் படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் இல்லை. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டுப் படித்தேன்? பிறகுதான் உன் சிரிக்காத முகம் கண்ணில் வந்தது. அட திருட்டுப் பயலே! அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தது நீ. கீழே நின்று, அண்ணாந்து.

நின்ற இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பெண் பயந்துபோனாள். அந்த ரெண்டு வரியையும் சொன்னேன்.

"நல்லா இருக்குதுங்களே! யாரு எழுதுனது?"

"எழுதல கண்ணு. எங்க மச்சான் சொன்னது."

எழுத்துத் தெரிந்தும் நீ அதை ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதவில்லை. என் காதில் மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டாய். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து மெதுவாக எழுதினேன் மச்சான். கீழே உன் பேரையும் போட்டேன். உன் பேரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து கோணல்தான். ஆனாலும் யார் வந்தாலும் படிக்கலாம்.