தாணேயில் கேட்ட கல்யாண் ஸ்லோ

என் முத்தண்ணே,

உன்னோடு சண்டை போடுவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போன அண்ணனோடு என்ன சண்டை என்று யாராவது கேட்கலாம். உயிரோடு இருக்கும்போது நீ அதற்கு வழி விடவில்லையே, நான் என்ன செய்ய? நாளைக் காலையில் கடைக்குப் போர்டு எழுத பெயிண்டர் வருகிறார். உன் பெயரை எழுதச் சொல்வதா, வேண்டாமா என்று அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். செம்பூர் ஷெட் கிடைத்துவிட்டது. நீயும் நானும் ஷட்டர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தோமே, அதேதான். ஷோரூம் வேலையை விட்டுவிட்டேன். மலையிலும் சேற்றிலும் ஓட்டுகிற ஜீப்புகளுக்கு ஷாக் அப்சார்பர் ட்யூன் செய்து கொடுக்கிற கடை, நாம் பேசிப் பேசி வைத்திருந்த அதே கடை. ஷாக்கைப் பிரித்து, உள்ளே இருக்கிற மெல்லிய தகடுகளை மாற்றி அடுக்கி, ஆயிலும் நைட்ரஜனும் ஏற்றி, வண்டிக்கும் பாதைக்கும் தக்கபடி செட்டிங் வைக்கிற வேலை. உனக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, வருகிற வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லிப் பழகுகிறேன்.

தாராவி கராஜில் ஸ்பானரும் கையுமாக நீ நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சுதான். "ஏட்டி, அண்ணன் பேரப் போடு. ஒம் பேரப் போட்டா பொம்பளப் பிள்ளைட்ட எவன் வண்டிய விடுவான்?" அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மும்பையில் ஜீப் வைத்திருக்கிறவர்களுக்கு உன்னைத்தான் தெரியும், தொழிலில் குரு என்று முத்து உஸ்தாத் என்பார்கள். என்னை யாருக்குத் தெரியும்? பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, அவ்வளவுதான்.

நான் அங்கே தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மழைக்காலம் நமக்கு இலவசமாகப் போட்டுக்கொடுத்த குழிகளில் நீ ஓட்டுவாய். சக்கரம் எப்படி விழுகிறது, எப்படி எழுகிறது என்று நான் சொல்லச் சொல்ல நீ இறங்கிப் போய் ஷாக்கைத் திருகுவாய். "என்னட்டி சொல்லுது?" என்று கேட்பாய், வண்டி பேசுகிற மாதிரியும் எனக்கு மட்டும் அந்தப் பாஷை புரிகிற மாதிரியும். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா?

கல்யாண் ஸ்லோ என்கிற லோக்கல் ரயிலின் பெயர் நம் வேலைக்குள் எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? கல்யாணிலிருந்து வந்த அத்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இசக்கிக்கு எப்பம் கல்யாணம்?" என்று ஆரம்பித்தாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீதான், "அவ கல்யாணம் கல்யாண் ஸ்லோல வருது அத்த. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னுதான் வரும்" என்றாய். அத்தைக்கே சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் ஒரு ஜீப்பின் பின்பக்கம் குழியில் விழுந்து, அலுங்காமல் மெல்ல எழுந்தபோது, "அண்ணே, கல்யாண் ஸ்லோ!" என்று நான் கத்தினேன். அன்றிலிருந்து அந்தச் செட்டிங்குக்கு அதுவே பெயராகிவிட்டது. வெடுக்கென்று எழுந்தால், பாதி ஸ்டேஷனில் நிற்காமல் ஓடுகிற கல்யாண் ஃபாஸ்ட். உலகத்தில் நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பெயர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நைட்ரஜன் ஏற்றுகிற மிஷினைப் பார்க்கத் தாணேக்குப் போனேன். பெரிய ஷெட், வாசலில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. அப்போது முதலாளி, ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கைப் பார்த்து, "அரே, இஸ்கோ கல்யாண் ஸ்லோ பே ரக்!" என்று குரல் கொடுத்தார். இதைக் கல்யாண் ஸ்லோவில் வை என்கிறார். நான் மிஷினை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

அது என்ன பெயர் என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். முத்து உஸ்தாத் வைத்த பெயர் என்றார். ஞாயிறுதோறும் நீ வந்து எல்லாச் செட்டிங்கும் சொல்லிக் கொடுத்தாயாம். அவர்களோடு பார்ட்னராகச் சேர இருந்தாயாம், அதற்குள் போய்விட்டாயாம், பாவமாம். ஏன் கல்யாண் என்று கேட்டேன். ரயில் பெயர்தானே, வேறென்ன என்றார். நம் வீட்டுச் சிரிப்பு அங்கே ஆயில் கறையோடு தரையில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை! தாணேயில் முருகன் கோயில் திருப்பணி என்று சொல்லிவிட்டுத்தானே அண்ணே போனாய்? வாராவாரம் திருநீறு கொண்டுவந்து அம்மாவுக்கும் எனக்கும் பூசிவிட்டாயே, அதை எங்கே வாங்கினாய்? மாட்டுங்காவில் பூஜைச் சாமான் கடையிலா? ஷோரூம் வேலையை விடப் போன அன்றும் அம்மா அந்த டப்பாவிலிருந்துதான் எனக்குப் பூசி அனுப்பினாள். உன் பொய்யை நெற்றியில் வைத்துக்கொண்டு போய் நான் ராஜினாமா கொடுத்திருக்கிறேன். முருகனுக்காவது பயந்திருக்கக் கூடாதா நீ?

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "உஸ்தாதுக்கு ஒரு தங்கச்சி உண்டாமே, அவளும் இந்த வேலை பார்ப்பாளாமே" என்று கேட்டுவைத்தேன். அவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் சும்மா கூட வருகிறவள், கல்யாணம் ஆனால் போய்விடுவாள், அவளை நம்பிக் கடை போட முடியுமா என்று உஸ்தாதே சொன்னதாகச் சொன்னார். இந்தியில்தான் சொன்னார். எனக்கு அது உன் குரலில், தமிழில் கேட்டது.

தொழிலைச் சொல்லிக் கொடுத்தாய், போகட்டும். என்னை விட்டுவிட்டுப் போக நினைத்தாய், அதுகூடப் போகட்டும். அத்தை முன்னால் என் கல்யாணத்தைக் கேலி செய்து என்னைக் காப்பாற்றியவன், அதே கல்யாணத்தைக் காரணம் காட்டி என்னைக் கழற்றிவிட்டாயே! துரோகி. எழுதிவிட்டேன், இந்த வார்த்தையை அடித்து அழிக்க மாட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னாய்? நெஞ்சுவலி முன்பே உனக்குத் தெரிந்திருந்ததா, அதனால் அவசரப்பட்டாயா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமா? இல்லை, நிஜமாகவே நான் சும்மா கூட வந்தவள் என்றுதான் நினைத்தாயா? ராத்திரி பகலாக இதையே யோசிக்கிறேன், தலைதான் வலிக்கிறது. அம்மா, "என்னட்டி, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்று கேட்டாள். வெயில் என்று சொல்லிவைத்தேன்.

முந்தாநாள் முதல் வண்டி வந்தது. உன் பழைய வாடிக்கைதான், செம்பூர் பல் டாக்டர். உஸ்தாத் இல்லாமல் யார் பார்ப்பது என்று இழுத்தார். நான்தான் பார்ப்பேன், விடுவதானால் விடுங்கள் என்றேன். என் குரலில் இருந்த சூட்டைப் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். ஷாக்கைப் பிரித்து மாட்டி முடித்ததும்தான் உறைத்தது, ஓட்ட நான் இருக்கிறேன், பின் சீட்டில் உட்கார யார் இருக்கிறார்கள்? அம்மாவைப் பிடித்து ஏற்றினேன்.

முதல் குழியிலேயே ஊரைக் கூட்டிவிட்டாள். "எம்மா, இடுப்பு போச்சே! ஏட்டி, விழும்போது ஒண்ணுமில்ல, எந்திக்கும்போதுல்லா தூக்கி அடிக்கி!" அண்ணே, சத்தியமாகச் சொல்கிறேன், அது அச்சு அசல் கல்யாண் ஃபாஸ்ட். இறங்கித் திருகினேன், இன்னொரு சுற்று ஓட்டினேன். "இப்பம் தொட்டில் மாதிரி இருக்கு" என்றாள். டாக்டர் தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன செட்டிங் என்று கேட்டார். கல்யாண் ஸ்லோ என்று சொன்னேன், சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கத்தியது நான்தானே, அப்புறம் அது எப்படித் தாணேக்காரர்களுடையதாகும்?

ஆக, முடிவு செய்துவிட்டேன். போர்டில் உன் பெயர் வராது. என் பெயரும் வராது. கல்யாண் ஸ்லோ என்று எழுதச் சொல்லப் போகிறேன். "வரன் பாக்குற ஆபீசுன்னுல்லா நெனைச்சு வருவானுவ!" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். வரட்டுமே, வருகிறவன் வண்டியிலும் ஷாக் இருக்கும்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். தாணே விஷயம் அம்மா காதுக்குப் போகாது, திருநீறு டப்பா அவளிடமே இருக்கட்டும். உன் படத்துக்கு ஷெட் சுவரில் ஆணி அடித்துவிட்டேன். படம் இன்னும் பீரோவுக்குள்தான் இருக்கிறது. ஒருநாள் அதை எடுத்து மாட்டுவேன், சத்தியமாக மாட்டுவேன். எப்போது என்று மட்டும் கேட்காதே. என் மன்னிப்பு கல்யாண் ஸ்லோவில் வருகிறது அண்ணே, எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்றுதான் வரும்.

சும்மா கூட வராத உன் தங்கச்சி,
இசக்கி