தவறாத தொழுகை

மகளின் வாப்பாவுக்கு, ஸலாம்.

போனில் கதைத்தால் மகள் முஸ்பிறாவுக்குக் கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

கிழமைக்கு நாலு நாள், கடமையில்லாத சுன்னத்து நோன்பும் பிடிக்கிறாள், மூன்று மாதமாக ஒரு நேரத் தொழுகையும் விடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேனே! நேற்று மயங்கி விழுந்துவிட்டாள்.

"மாசா மாசம் பிள்ளைக்கு ஒழுங்கா வருதா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. தொழக்கூடாத நாட்களே அவளுக்கு வரவில்லை. உம்மாவாக இருந்தும் நான் கவனிக்கவில்லை.

"இது பிடிவாதம் இல்ல, வருத்தம், ஒரு நோய். சாப்பிடப் பயப்படுற வருத்தம். சுகப்படுத்தலாம்" என்றார். வியாழன் கிளினிக்குக்கு வரச் சொன்னார்.

வீடியோ கோலில் நீங்கள் அவளைக் 'குண்டு' என்று பகிடி பண்ணியதைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை.

இன்று அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். அவள் தொழாமல் இருக்கும் நாள் வர வேண்டுமென்று ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

உங்கள் மகளின் உம்மா