கேட் பாஸ் வாங்காத நாற்பது கோல அச்சு

பென்னலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கலைமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பு சௌக்கியம். அங்கே ஹாம்பர்க் குளிரில் நீயும் உன் சளி பிடிக்கிற மூக்கும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று நீ கேட்பாய், அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டால் கெட்டதைப் படிக்க ஒரு தெம்பு வரும் என்று பார்க்கிறேன். எதிர்வீட்டுச் செங்கமலம் கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட நாலாவது மாடியும் எழுப்பிவிட்டாள், இப்போது நம் வீட்டுக்கு வெயில் வருவதே பதினோரு மணிக்கு மேல்தான், அந்த வெயிலுக்கும் அவள் வாடகை கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், தினமும் எண்பது கிலோமீட்டர் பஸ் ஓட்டுகிறேனே அதில் கழித்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன், அவர் சிரிக்கவில்லை. உன் அம்மாவும் சிரிக்கவில்லை. அவள் சிரித்து இன்றைக்கு ஐந்து நாள் ஆகிறது.

அந்த ஐந்து நாள் கதையைத்தான் எழுத வந்தேன். நீ கம்ப்யூட்டரில் கோலம் வரைந்து அந்தப் படத்தை மட்டும் விற்கிறேன் என்று சொன்னபோது, மாவே இல்லாத கோலத்துக்கு எவன் காசு கொடுப்பான் என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவன் நான். அப்புறம் வீட்டிலேயே வெட்டும் மெஷின் வைத்திருக்கிறவர்கள் அதை வாங்கி வெட்டிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும், அதே பஸ்ஸில் அதே ஆட்களிடம் என் மகள் என்று மார்தட்டியவனும் நான்தான். மெஷின் இல்லாதவர்கள் வெட்டின அச்சாகவே அனுப்பச் சொல்கிறார்கள் அப்பா, அங்கே யாராவது வெட்டித் தருவார்களா என்று நீ கேட்டாய் பார், அப்போது என் வாய் சும்மா இருந்ததா? ஒரகடத்தில் லாரியையே வெட்டி ஒட்டுகிறார்கள், ஒரு கோலத்தை வெட்ட மாட்டார்களா, விடு என்னிடம் என்றேன். உண்மை என்ன தெரியுமா, ஏழு பட்டறை ஏறி இறங்கினேன். மெஷினை ஒரு தபா செட் பண்ணா நாலாயிரம் பீஸ் ஓட்டணும் சார், நீ இன்னா நாப்பது, அம்பதுன்னு வந்து நிக்கிற என்று எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நம்ம ஆள் ஒருத்தர் கடை, பில் எல்லாம் உண்டு என்று சொன்னேனே, அப்படி ஒரு கடையும் இல்லை, ஆளும் இல்லை. இருந்தது சுகப்பிரியா.

நீ அவளைப் பார்த்ததில்லை. தென்காசிப் பக்கத்துப் பெண், உன்னைவிட மூன்று வயது சின்னவள், என் பஸ்ஸில் இரண்டாவது வரிசை ஜன்னல். நான் ஆள் ஏற்றுகிற கம்பெனியில் உதிரி பாகங்களை வைத்து அனுப்புகிற பெட்டிக்குள் ஒட்டுப்பலகையை அச்சாக வெட்டி வைப்பார்கள், அந்த லேசர் மெஷின் அவள் கையில். மூன்று வருஷமாக காண்டிராக்ட், பொங்கல் கழிந்து நிரந்தரம் ஆக்குகிற பட்டியலில் அவள் பெயர் இருந்தது. உன் கோலத்தை போனில் காட்டினேன். யாரு போட்டது அண்ணாச்சி, கோடு எங்கயும் முறியவே இல்லையே என்று நாலு தடவை பெரிசாக்கிப் பார்த்தாள். லைன் நிற்கிற நேரத்தில், எரிக்கப் போகிற துண்டுப் பலகையில் ஐந்தும் ஆறுமாக வெட்டி டிபன் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். உன் அம்மா கருகின ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேறினதில் மட்டும் பின்பக்கம் ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள், அதுதான் நம் கம்பெனியின் தரப் பரிசோதனை. அந்தச் சிவப்புப் புள்ளி என்ன என்று ஒரு வெள்ளைக்காரி உன்னிடம் கேட்டாளாமே, ஆசீர்வாதம் என்றாயாமே, கெட்டிக்காரி.

அப்புறம்தான் உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் ஆர்டர் வந்தது, ஒரே அச்சில் நாற்பது, பெரிய அளவு. டிபன் பையில் அடங்காது. சுகப்பிரியா சொன்னாள், சூப்பர்வைசர்கிட்ட கேட்டா கழிவுப் பலகைன்னு ஒரு கேட் பாஸ் போட்டுத் தருவாரு அண்ணாச்சி, ரெண்டு நாள் பொறுங்க, சீட்டோட கொண்டு போயிரலாம் என்று. எவ்வளவு நியாயமான பேச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்தக் கம்பெனி நிக்கிற இடத்துல எங்கப்பா வேர்க்கடலை போட்டாரும்மா, என்னை எவன் பாஸ் கேப்பான், அதுவும் டிரைவர் கேபினை எவன் தொறப்பான், கேட்டுல இருக்கிற கண்ணப்பன் தெனம் என் கையால டீ குடிக்கிறவன் என்றேன். அந்த நிலத்துக்கு உன் தாத்தா கையெழுத்துப் போட்டு, பணம் வாங்கி, செலவழித்தும் இருபது வருஷம் ஆயிற்று, ஆனாலும் அந்த கேட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு முதலாளி நினைப்பு. செவ்வாய்க்கிழமை சாயங்கால ஷிப்ட் விடும்போது அவள் வெட்டி வைத்திருந்த நாற்பதையும் ஒரு கோணியில் கட்டி என் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். நான்தான் வைத்தேன் கலை, என் கையால்.

அன்றைக்குக் கண்ணப்பனோடு ஒரு புது செக்யூரிட்டி ஆபீசர் நின்றார். நேராக கேபினில் ஏறி கோணியைப் பிரித்தார். கண்ணப்பன் முகம் வெளுத்துவிட்டது. இன்னா ரகு அண்ணே, யார்து இது என்றான். ஐம்பது பேர் இருந்தார்கள். ஊரில் யார் மருமகள் யாரோடு பேசவில்லை என்பதுவரை ஒப்பிக்கிற உன் அப்பன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் பின்னாலிருந்து சுகப்பிரியா எழுந்து, எம் பைதான் சார், நான்தான் கொண்டாந்து வச்சேன் என்றாள். டிரைவருக்குத் தெரியுமா என்று கேட்டார். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது சார் என்றாள். அவளை இறக்கிவிட்டார்கள். நான் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. வருகிற செவ்வாய் விசாரணை. திருட்டு என்று எழுதிவிட்டால் ஆள் அனுப்புகிற ஏஜென்சி இந்தப் பக்கத்தில் எந்த கேட்டுக்குள்ளும் அவளை அனுப்பாது, தங்குகிற ரூமும் ஏஜென்சியுடையதுதான். வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். ஊரில் இன்னும் சொல்லவில்லையாம். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்க ஒரு வார்த்த சொல்லுவீகன்னுதான் பாத்தேன் அண்ணாச்சி, பொறவு, சரி, அவுகளுக்கும் குடும்பம் இருக்குன்னு விட்டுட்டேன் என்று சொல்லிவிட்டு எனக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டாள். கோணி வந்து சேராத செவ்வாயிலிருந்தே என் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்த அம்மாவிடம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். யோவ், ஊர் வம்பு அத்தினியும் பேசுற வாயி அந்த ஒரு நிமிசம் இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு என்று கேட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேச்சு இல்லை.

நேற்று பஸ் முதலாளி வெங்கடேசனிடம் போய்ச் சொன்னேன். அவன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. அண்ணே, பொண்ணு வெளியூரு, போயிடும், ரெண்டு மாசத்துல அல்லாரும் மறந்துடுவானுங்க, நீ போயி ஒளறினன்னா என் காண்டிராக்ட்டே பூடும், ஒளறணும்னா மொதல்ல சாவிய குட்த்துட்டுப் போ என்றான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, ஐந்து நாளாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவன் சத்தமாகச் சொன்னபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று காதில் விழுந்தது.

கலை, உன் தொழில் பற்றி எனக்குப் புத்தி சொல்ல யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று. நீ படம் விற்றபோது அதில் உன் கையும் கம்ப்யூட்டரும் மட்டும்தான். பொருள் என்று ஆன அன்றைக்கே யாரோ ஒருத்தர் மெஷினில் நிற்கிறார், யாரோ தேய்க்கிறார், யாரோ தூக்கிக்கொண்டு ஒரு கேட்டைத் தாண்டுகிறார். அவர்கள் யார் என்று உனக்குத் தெரியாமல் நான் மறைத்தேன், நீயும் அவசரத்தில் கேட்கவில்லை. இனிமேல் கேள். சின்ன அளவு வெட்டித் தருகிற இடம் ஒன்று தாம்பரத்தில் இருப்பதாக அம்மா விசாரித்து ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறாள், விலை கூட, ஆனால் பில் தருவார்கள். அங்கே நீயே பேசு, அப்பனை நடுவில் விடாதே. சுகப்பிரியாவுக்கு நான் வேலை தருகிறேன் என்று நீ உடனே கிளம்பவும் வேண்டாம். அவள் கேட்பது அவளுடைய மெஷினை.

நாளைக்குக் காலையில் சாவியை வெங்கடேசன் வீட்டில் கொடுத்துவிட்டு, இதை ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசில் போட்டுவிட்டு, அந்த கேட்டுக்கு நடந்து போகப் போகிறேன். கோணி என்னுடையது, பாஸ் வேண்டாம் என்றதும் நான் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அவர்கள் நம்புவார்களா, அவளைத் திரும்ப எடுப்பார்களா, எனக்குத் தெரியாது, என்னையும் சேர்த்து வெளியே தள்ளினால் இரண்டு பேர் ஆவோம். போனில் சொல்லியிருந்தால் அப்பா, பொறு என்பாய், நானும் பொறுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். இது உன் கைக்கு வர பத்து நாளாகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நீ நன்றாக இரு, உன் கோடு எங்கேயும் முறியாமல் இருக்க மணிமங்கலத்துப் பெருமாள் துணையிருக்கட்டும். சங்கத்துக்காரர்களுக்கு அச்சு வராது என்று எழுதிவிடு, கூரியர் தாமதம் என்று எழுதாதே, என் அப்பா செய்த தப்பு என்றே எழுது. சுகப்பிரியாவின் நம்பர் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. கூப்பிட்டு நீ யார் என்று சொல். மன்னிப்பு மட்டும் கேட்காதே, அது நான் கேட்க வேண்டியது, இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
ரகுபதி