தங்கச்சியின் போனில் நீ போட்ட பூட்டு

வெள்ளவத்தை
03.11.2025

அன்பு மகன் தேனுஜனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கச்சி ரூபிகாவும் உண்டு உடுத்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதைச் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ ரொறொன்ரோவில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் பிள்ளையாரிடம் கேட்கிறேன், நீ பிறந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய வாய், இப்போது நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வசனம் சொல்ல முதல், அம்மா உங்களுக்கு இதுகள் விளங்காது, நான் பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச ஏலாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், மற்ற எதையும் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

சவுந்தரநாயகம் பெரியப்பா நேற்றுக் கிருலப்பனையிலிருந்து வந்தார். அப்பாவின் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் தனக்கும் ரூபிகாவுக்கும் சீற் போட்டாயிற்று, அங்கே விடுதியில் இடமும் எடுத்தாயிற்று, எல்லாம் தேனுவின் ஏற்பாடு என்றார். பெப்ரவரியில் ஓ.எல். சோதனையை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றுவதா என்று கேட்டேன். உமக்கு என்ன விளங்கும் பிள்ளை, அவள் வீபிஎன் போட்டுக் கண்ட கண்ட சாமானெல்லாம் பாக்கிறாளாம், தேப்பனில்லாத பெட்டை, நாளைக்கு ஒரு பேரை எடுத்துக்கொண்டு வந்தாளெண்டால் நீரோ ஆமிக்காரன் மாதிரி வாசலில நிண்டு காப்பீர் என்று கேட்டார். விடுதியில் போன் இல்லையாம், கிழமைக்கு ஒருக்கால் மேற்பார்வைக்கார அம்மாவுக்கு முன்னால் நின்று ஐந்து நிமிசம் என்னோடு கதைக்கலாமாம். ரூபிகா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்த் தன் உடுப்புகளை மடிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் அழுதிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் போவாளா இல்லையா என்பதைக் கீழே எழுதுகிறேன், அதற்கு முதல் நடந்ததை என் பக்கத்தால் கேள். அப்பாவைத் தண்டவாளத்தில் கோச்சி அடித்து இன்றைக்கு மூன்று மாதமும் இருபது நாளும். பெட்டியைத் திறக்கவேண்டாம் என்றார்கள், நானும் ரூபிகாவும் பலகையைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் அவரை அனுப்பினோம். நீ மூன்றாம் நாள் வந்து கொள்ளி வைத்தாய். அப்பாவோட கதைச்சு ரெண்டு கிழமையாச்சு, வேலை வேலை எண்டு இருந்திட்டன் என்று நீ வாசலில் விழுந்து அழுதபோது மேல் மாடிச் சனமும் இறங்கி வந்து உனக்காக அழுதது. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு லப்ரொப்பை விரித்துவைத்து, வீட்டு வைபைக்கும் தங்கச்சியின் போனுக்கும் பூட்டுப் போட்டாய். யூரியூப் இல்லை, ரிக்ரொக் இல்லை, பேஸ்புக் இல்லை, எட்டு மணிக்குப் போன் தானாக நின்றுவிடும், அவள் எதைத் தேடினாலும் அங்கே உன் போனில் வந்து விழும். சின்னப் பிள்ளையம்மா, கண்டதையும் பாத்துப் பயப்பிடுவாள் என்றாய். பள்ளிக்கூடப் படிவத்தில் பாதுகாவலர் என்று உன் பெயரையும் கனடா நம்பரையும் எழுதினாய், அம்மாவுக்கு இங்கிலிஷ் வராது என்று. எனக்கு எல்லாம் நல்லதாகத்தான் பட்டது. ஆம்பிளைப் பிள்ளை பொறுப்பெடுக்கிறான் என்று நாலு பேரிடம் சொல்லியும் திரிந்தேன்.

போன மாதம் சுபோதினி ரீச்சர் கணினிப் பாடத்தில் ரூபிகாவிடம் வீபிஎன்னைப் பிடித்தார். பள்ளிக்கூடம் அடைத்து வைத்திருக்கிற பக்கங்களுக்குச் சுற்றிப் போகிற வழியாம் அது. ரீச்சர் உனக்குப் போன் எடுத்தார், நீ எனக்கு எடுத்தாய். வேற என்னத்துக்கம்மா வீபிஎன் போடுவினம், ஊத்தைப் படம் பாக்கத்தான், அடிச்சுக் கேளுங்கோ என்றாய். நான் கேட்கவில்லை, அடித்தேன். அகப்பைக் காம்பு முறிகிற வரைக்கும் அடித்தேன். தேப்பனைத் திண்டவளே என்றும் சொன்னேன், அந்தச் சொல்லை இனி நான் எப்படித்தான் விழுங்கினாலும் அது அவள் காதில்தான் இருக்கும். அவள் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. இரண்டு நாள் பச்சைத் தண்ணீரோடு கிடந்தாள். மூன்றாம் நாள் அடிபட்ட கண்டலுக்கு எண்ணெய் பூசப் போனேன், என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னாள், நான் அப்பாவைத்தான் பாத்தனான் என்று.

உனக்கு இந்த இடத்தில் விளங்கியிருக்கும், எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு அன்றைக்கு நடந்ததை யாரோ கடற்கரையில் நின்று போனில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், ஊரெல்லாம் பார்த்திருக்கிறது, வீட்டில் நான் ஒருத்திதான் பார்க்கவில்லை. வகுப்பில் ஒரு பெட்டை, உன்ர அப்பாவை நாங்கள் எல்லாரும் பாத்திட்டம், நீ இன்னும் பாக்கேல்லையா என்று கேட்டிருக்கிறாள். பெட்டிக்குள்ளும் காட்டாமல் போனிலும் காட்டாமல் விட்ட தகப்பனை அவள் வேறு எங்கே போய்ப் பார்ப்பாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு முன் ரோட்டில் போன் திருத்துகிற சப்ரியிடம் போனேன், அந்தப் படத்தை எனக்கும் காட்டு என்றேன். வேணாம் ஆன்ட்டி, அதெல்லாம் பாத்து என்ன செய்யப் போறீங்க என்றான். வீபிஎன் என்றால் அவ்வளவு கூடாத சாமானா என்று கேட்டேன். எங்கட கடைக்கு வார ஸ்கூல் புள்ளைகள் அரைவாசிப் பேருக்கிட்ட ஈக்கி ஆன்ட்டி, கெட்டதும் பாக்குதுகள், நல்லதும் பாக்குதுகள், தங்கச்சியப் போட்டு அடிச்சிருக்கத் தேவல்ல என்றான். நான் அடித்தது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

கடைசியில் காட்டினான். படம் இருபத்தாறு செக்கன். பம்பலப்பிட்டிக் கடையில் வேலை முடிந்தால் அப்பா தண்டவாளத்தால்தான் நடந்து வருவார், இருபது வருசப் பழக்கம், நீயும் அவர் தோளில் இருந்து அந்த வழியால் வந்திருக்கிறாய். வலக்கையில் போன். கடல் இரைச்சலில் கேட்கவில்லை போல, இடக்கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு நடக்கிறார். அங்கிள், கோச்சிய எனவா, கோச்சிய எனவா என்று ஒரு பெட்டை சிங்களத்தில் கத்துகிறாள், கோச்சி வருகுது என்று. கடை மேசையில் இருந்த சின்னப் போனில் எனக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. அடிக்கிற இடத்தில் படத்தை மங்கலாக்கி ஒரு பாட்டைப் போட்டிருக்கிறார்கள். கீழே சனம் எழுதினதை வாசி என்றேன், சப்ரி மாட்டேன் என்றான். ரூபிகா திரையைப் பார்க்காமலே சொன்னாள், போன் பைத்தியம் ஒண்டு குறைஞ்சுது எண்டு எழுதியிருக்கு, அதுக்குச் சிரிக்கிற மூஞ்சி நானூறு போட்டிருக்கு என்று. அவளுக்கு எல்லாம் பாடம். மூன்று கிழமையாக ஒவ்வொரு கணினிப் பாடத்திலும் அவள் பார்த்த ஊத்தைப் படம் அதுதான். பள்ளிக்கூடக் கணினியில் சத்தம் வராதாம், அவள் அப்பாவின் வாயைப் பார்த்திருக்கிறாள். என்ன சொல்லுறார் எண்டு பாத்தனான் அம்மா, ஒரு சொல்லுத்தான் பிடிபட்டது, தம்பி எண்டு சொல்லுறார் என்றாள்.

முப்பத்தொரு வருசம் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவள் நான், பிள்ளை சொன்னது சரி, உதடு இரண்டும் ஒட்டிப் பிரிகிறது. ஆனாலும் உன் மேல் எனக்கு நினைப்பு ஓடவில்லை. உன்னைப் போலவே கடைப் பெடியன்களையும் அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார், போன் கதைத்துக்கொண்டு நடந்தவர் என்று பொலிஸ் சொன்னபோதும் கடையிலிருந்து யாரோ எடுத்திருப்பார்கள் என்றே இருந்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. அப்பாவின் போனைப் பொலிஸ் நீ போன பிறகுதான் ஒரு பொலித்தீன் பையில் போட்டுத் தந்தது. அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, இரத்தம் பட்ட சாமான், கடலில் போடுங்கோ என்று நீ மூன்று தரம் எடுத்துச் சொன்னாய். நான்காம் தரம் போட்டாயிற்று என்று பொய் சொன்னேன், அவர் கை பட்டதைப் போட மனம் வரவில்லை, அலுமாரியில் சேலைக்குள் வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய்ச் சப்ரியிடம் கொடுத்தேன். அவன் கண்ணாடியை மாற்றினான், ரூபிகா நம்பரை அடித்துத் திறந்தாள். கடைசி அழைப்பு நீ. நீதான் அவருக்குப் போன் எடுத்திருக்கிறாய், ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, பதினான்கு நிமிசம். கோச்சி அடித்தது ஆறு மணி ஆறு நிமிசம் என்று மரண விசாரணைக் கடதாசியில் எழுதியிருக்கிறது. அதை நான் வாசிப்பேன், இலக்கம் எனக்கு நன்றாக வரும்.

நீ அப்பாவைக் கொன்றாய் என்று நான் எழுதவில்லை, அப்படி ஒரு வரியை இதில் தேடாதே. பிள்ளை தகப்பனுக்கு எடுத்தது குற்றம் இல்லை, அவர் காதைப் பொத்தினதும் உன் குரலைக் கேட்கத்தான். பயந்து வாய் திறக்காமல் விட்டதையும் நான் பெற்றவள் என்றபடியால் விளங்கிக்கொள்வேன். ஆனால் அந்த வாயை வைத்துக்கொண்டு இரண்டு கிழமை கதைக்கவில்லை என்று ஊருக்கு முன்னால் அழுதாய். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குப் பூட்டுப் போட்டாய், அது உன் தங்கச்சியைப் பயத்திலிருந்து காக்கவோ உன்னைக் காக்கவோ என்று நீயே சொல், நான் ஒன்றை நினைத்துவிட்டேன். அந்தப் பூட்டைச் சுற்றிப் போனதுக்கு அவளை ஊத்தை என்றாய், என் கையால் அடிப்பித்தாய், இப்போது நானூறு கிலோமீற்றர் தள்ளி அடைக்கப் பார்க்கிறாய். நீ அங்கே காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு அவள் தேடினது உன் போனில் வந்து விழுகிற கணக்கைப் பார்த்தாயே, அப்பா செத்த வீடியோ அப்பா செத்த வீடியோ என்று பூட்டுப் போட்ட போனில் அவள் எத்தனை தரம் தேடினாள் என்று உனக்குத்தானே தெரியும். ஒரு தரமாவது அவளைக் கூப்பிட்டு என்ன பிள்ளை என்று கேட்டாயா.

ரூபிகா வெள்ளிக்கிழமை போகமாட்டாள். பெரியப்பாவுக்கு இன்று காலை போன் எடுத்துச் சொன்னேன், அத்தான், அந்தச் சீற்றில நீங்களே காலை நீட்டிக்கொண்டு போங்கோ என்று. தேனு சொன்னதை மீறுறீரோ, அவனை விட்டால் உமக்கு ஆர் என்று கேட்டார். பக்கத்தில நிக்கிறாள் என்றேன். பள்ளிக்கூடத்துக்கும் போனேன், பாதுகாவலர் இடத்தில் உன் பெயரை வெட்டி என் பெயரைத் தமிழில் எழுதினேன். சுபோதினி ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் வீபிஎன்னைத்தான் கண்டனான் அம்மா, அதுக்குள்ள என்ன பாத்தவள் எண்டு கேக்கேல்லை என்று அந்த மனுசி முகத்தை மூடிக்கொண்டு அழுதது, அந்தப் படத்தைத் தூக்கச் சொல்லி முறைப்பாடு எழுதித் தந்தது. வைபைப் பெட்டியின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதற்குள் குண்டூசியைக் குத்திச் சப்ரி நீ போட்டதெல்லாவற்றையும் அழித்துவிட்டான். பூட்டே வேண்டாம் என்கிற பைத்தியக்காரி இல்லை நான், ஊத்தைகளுக்கு அவன் வேறு பூட்டுப் போட்டிருக்கிறான், அதன் நம்பர் எனக்கும் ரூபிகாவுக்கும் தெரியும், உனக்குத் தெரியாது. போனைக் கூடத்து மேசையில் வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், நானும் பக்கத்தில் இருந்து பழகுகிறேன்.

பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், என்னோடு இன்னும் அளந்துதான் கதைக்கிறாள். ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறாள். அப்பா கடைசியாக என்ன சொன்னவர். சிரித்தவரா, ஏசினவரா, வாயைப் பார்த்தால் இரண்டு மாதிரியும் இருக்கிறதாம். அதைக் கேட்க உலகத்தில் உன்னை விட்டால் ஆள் இல்லை. அதனால் நீ எழுது. போனில் வேண்டாம், போனில் நீ அழுவாய், அவள் உன்னைத் தேற்றிவிட்டுக் கேட்க வந்ததை விட்டுவிடுவாள். பதினான்கு நிமிசத்தையும் எழுது, சண்டை பிடித்தீர்கள் என்றால் சண்டையை எழுது, அவர் உன்னை நாய் என்று ஏசியிருந்தாலும் நாய் என்றே எழுது. இனிப்புப் பூசாதே, அவர் எப்படிக் கதைப்பார் என்று எனக்குத் தெரியும், ஒரு சொல்லு பொய்யாக இருந்தாலும் கண்டுபிடிப்பேன். கடிதம் வருகிற வரைக்கும் எங்களுக்கு எடுக்காதே, எடுத்தாலும் நாங்கள் தூக்கமாட்டோம்.

குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சை மூடிக்கொண்டு வெளியில் போ, நேரத்துக்குச் சாப்பிடு, வாகனம் ஓட்டும்போது யாரோடும் கதைக்காதே. பிள்ளையார் உனக்குத் துணை நிற்கட்டும், என் ஆசீர்வாதத்தை உன் கடிதம் கண்டுவிட்டு அனுப்புகிறேன். ஒன்றை மறந்துவிடாதே. கோச்சி அடித்த பிறகு அந்தப் போனில் உனக்கு என்ன கேட்டது, எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பதைத் தங்கச்சிக்கு எழுதுகிற தாளில் எழுதாதே. அதை வேறு தாளில் எழுதி, மடித்து, மேலே என் பெயரைப் போடு.

இப்படிக்கு
உன்னையும் அவளையும் பெற்ற
அருந்ததி