மேல் லயத்துக்கு எழுபத்திரண்டு படி

ஜூன் 4, புதன்

விடிந்ததிலிருந்து மழை. கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போன பிள்ளைகள் இன்று பதினொன்று மட்டும். துணி ஒன்றும் காயவில்லை, அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். பால்மா பையை எலி கடித்திருக்கிறது. பூனை வளர்க்கக் கூடாதாம், சுகாதாரக் கேடு. எலி மட்டும் சுகாதாரம்.

வேலை முடிந்து மலைமேல் வரிசை வீடுகளுக்கு, மேல் லயத்துக்குப் போனேன், ராஜியைப் பார்க்க. ரோட்டிலிருந்து எழுபத்திரண்டு படி. என் வலது பாதம் பிறந்ததிலிருந்தே உள்பக்கம் மடங்கியது. தடியூன்றி ஏற அரை மணி நேரம், இரண்டு இடத்தில் உட்காருவேன். நானாவது ஏறி இறங்குகிறேன். ராஜி தானாக இறங்கி நாலு வருஷம். ஆறாம் நம்பர் மலையில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வயது இருபத்தொன்பது.

படுக்கைப் புண். அவள் அம்மா துணியை விலக்கிக் காட்டினார். போன வாரத்தைவிடப் பெரிது. வாடையும் வருகிறது. இரத்தினபுரி டாக்டர் சொன்னது: திங்கட்கிழமை தவறாமல் வந்து மருந்து கட்ட வேண்டும், பிந்தினால் எலும்புவரை போய்விடும். கொண்டு போக நாலு ஆண்கள் வேண்டும். இரண்டு கம்பு, நடுவே சாக்கு, வழுக்குகிற படி. வேலையை விட்டு வந்தால் செக்ரோலில் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. யாரைக் குறை சொல்வது. போன திங்கள் மூன்று பேர்தான் வந்தார்கள். சாக்குக்கு மூலை நாலு.

ராஜி: "த்ரீவீல் ஏறி வர்ற மாதிரி ஒரு சரிவுப் பாதை வெட்டினா போதும்க்கா. ஒவ்வொரு வாரமும் ஆள் கெஞ்ச வேணாம்."

இறங்கும்போது அட்டைக் கடி, இரண்டு.

ஜூன் 5, வியாழன்

மழை. பிள்ளைகள் போனதும் பிள்ளைக்காம்பராவில் எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கக் கூட்டம். ஒன்பது பேர். குட்டி நாற்காலிகளில் எல்லாரும் முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்திருந்தோம். ராஜி போனில். தலைவர் முத்தையா அண்ணன், கண் இரண்டும் தெரியாது, ஆனால் யார் பிஸ்கட்டை இரண்டாவது முறை எடுத்தார்கள் என்று சரியாகச் சொல்லிவிடுவார். செயலாளர் நான். எழுத்து அழகு என்பதற்காக.

இதுவரை நாங்கள் செய்தது (மு. அண்ணன் சொல்ல நான் எழுதியது, புதிதாக வந்தவர்களுக்குத் தெரியட்டும்):

– கண் தெரியாத ஆளை ஏற்ற மாட்டேன் என்ற பஸ்ஸுக்கு முன்னால் அண்ணன் தனியாக நின்றது. சங்கம் பிறக்கும் முன்னாலேயே. கடைசியில் ஏற்றினார்கள்.
– டவுனில் மரத்தடியில் ஆறு பேர் கூடி ஒரு கொப்பியில் பெயர் எழுதியது. அதுதான் சங்கம்.
– ஓட்டுப் போடும் இடம் மாடியில் என்றதும் கீழேயே உட்கார்ந்தது. பெட்டி இறங்கி வரவில்லை. ஓட்டும் போடவில்லை.
– சிங்களப் பிள்ளைகளோடு இரத்தினபுரியில் ஊர்வலம். நல்ல பிள்ளைகள், தேத்தண்ணி தந்தார்கள். பதாகையில் தமிழ்தான் இல்லை.
– பாதைக்கு ஆபீசில் கொடுத்த மனு: ஐந்து. பதில்: இல்லை.

முடிவு: அடுத்த வியாழன், 12ஆம் தேதி, சந்தியில் ரோட்டில் உட்காருவது. அன்று டவுனில் கிளினிக். பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் எப்படியும் பஸ்ஸுக்கு அங்கேதான் வந்து நிற்பார்கள், தனியாகக் கூட்டி வர வேண்டியதில்லை. தோட்டத்துத் துரை வந்து பாதைக்குத் தேதி சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை. இந்த யோசனை ராஜியுடையது. படுத்துக்கொண்டே யோசிக்கிறாள், எங்களுக்கு உட்கார்ந்தும் வருவதில்லை.

பழைய படுக்கை விரிப்பில் எழுதினேன்: எங்களுக்குப் பாதை வேண்டும். சிவப்பு மை போதவில்லை, 'வேண்டும்' நீலம்.

ஜூன் 7, சனி

வெயில், ஒரு மணி நேரம். துணி காய்ந்தது.

தோட்ட ஆபீசில் லீவுக் கடிதம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சந்தியில் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ள' என்று எழுதினேன். மு. அண்ணனிடம் சொன்னேன்.

"ஏந்தங்கச்சி, காய்ச்சல்னு எழுதக் கூடாதா?"

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"சண்டைக்குப் போறோம்னு எதிராளிக்கு லீவு லெட்டர் குடுத்த ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் பிறந்தவள், கல்யாணமோ கருமாதியோ ஆபீசுக்குச் சொல்லாமல் போய்ப் பழக்கமில்லை.

ஜூன் 9, திங்கள்

மழை. இரண்டு பேர்தான் வந்தார்கள். ராஜி போகவில்லை. உப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த துணி வைத்துக் கட்டினோம். அவளுக்கு அங்கே வலி தெரியாது. பார்க்கிற எங்களுக்குத்தான்.

ஜூன் 11, புதன்

பெரிய கிளாக்கர் ஐயா குடையோடு பிள்ளைக்காம்பராவுக்கே வந்தார். ஒருநாளும் வராதவர்.

"விஜயா, நாளைக்குப் பத்து மணிக்கு கிரவுண்டுக்கு ஒங்க ஆளுங்க எல்லாரையும் வரச் சொல்லும்மா. கொழும்புல இருந்து பெரியவங்க வர்றாங்க. வீல்செயார் குடுக்கப் போறாங்க, சாமான் பார்சலும் இருக்கு."

"நாளைக்கு நாங்க சந்திக்கு..."

"தெரியும்மா. லெட்டர் பாத்தேன். வராட்டி அடுத்த தடவை லிஸ்டுல பேர் வராது, அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

லெட்டரை நான்தான் கொடுத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்ட கதை.

ஒவ்வொருவராகப் போன் வந்தது. "விஜயாக்கா, கோவிச்சுக்காதீங்க, அம்மா போகச் சொல்றாங்க." ஆறு போன். யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபமே வராதது பயமாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

தூறல். நானும் சந்திக்குப் போகவில்லை, கிரவுண்டுக்குத்தான் போனேன். கூடாரம், மாலை, மைக். ராஜியை நாலு பேர் தூக்கி வந்தார்கள். நாலு பேருக்கும் இன்று பேர் உண்டு என்று ஆபீசே சொன்னதாம். படம் எடுக்க இறக்கினால் பேர் விழும், மருந்து கட்ட இறக்கினால் விழாது.

வீல்செயார் ஐந்து. பளபளவென்று நீல நிறம். ஒன்று முத்தையா அண்ணன் பெயருக்கு. கண் தெரியாதவருக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ராஜியை உட்கார வைத்து மாலை போட்டார்கள். மூன்று தடவை போட்டுக் கழற்றினார்கள், படம் சரியாக விழவில்லையாம். அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள், அதையும் எழுத வேண்டும். கிரவுண்டைச் சுற்றி ஒரு தடவை தள்ளச் சொன்னாள், தள்ளினேன். நாலு வருஷத்தில் முதல் தடவை, தானே சக்கரத்தைப் பிடித்து, வேண்டிய பக்கம் திரும்பினாள்.

முடிந்ததும் கிளாக்கர் ஐயா: "நன்றிக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடும்மா, ஒன் கையெழுத்து நல்லா இருக்கும்." மேசையில் வைத்தே எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி, 'எமது நீண்ட நாள் கோரிக்கையை நிறைவேற்றித் தந்த தங்களுக்கு' என்று. கீழே கையெழுத்து, செயலாளர்.

ராஜியை மேலே தூக்கிப் போனார்கள். வீல்செயார் போகவில்லை. தூக்கிப் போனாலும் லயத்து வாசலில் உருட்ட இடமில்லை. பிள்ளைக்காம்பராவில் வை என்றார்கள், வைத்தேன்.

சந்திக்கு ஒருவர் மட்டும் போயிருக்கிறார். மு. அண்ணன், தனியாக, மழையில். விரிப்பு என்னிடம், பாய்களுக்கு அடியில். அதனால் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று நினைத்தார்கள். றக்வான பஸ் நின்று, கொண்டக்டர் "நகின்ன சீயா, நகின்ன" என்று சிங்களத்தில் தாத்தாவை ஏறச் சொன்னானாம். இவர் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. இவருடைய கிளினிக்கும் தவறியது.

"அந்தக் காலத்துல ஏத்த மாட்டேன்னான், நின்னேன். இப்ப ஏறுங்கறான். எதுக்கு நிக்குறேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

ஜூன் 16, திங்கள்

நாலு பேர் கிடைத்தார்கள். ஒருவர் மு. அண்ணன். படியில் அவர் கால் வைக்கப் பயந்து, மேலிருந்து பத்தாவது படியிலேயே ராஜியோடு திரும்பினார்கள். அழுதேன்.

பிள்ளைகள் வீல்செயாரில் ஏறி பஸ் விளையாட்டு. துரத்தவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ராஜிக்குக் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை. நான் பாதைக்கு ஆறாவது மனு எழுதிக் கொடுத்து நாலு நாள். "பதில் வரும்க்கா, இந்தத் தடவை நம்ம மூஞ்சியப் பாத்துட்டாங்கல்ல" என்கிறாள்.

அரிசி, சீனி, மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

ஜூன் 25, புதன்

மழை இல்லை. பதில் வந்துவிட்டது. ஆறு மனுவில் முதல் பதில். தமிழிலேயே தட்டச்சு செய்திருக்கிறார்கள்:

'12ஆம் தேதிய தங்கள் கடிதத்தில், தங்களது நீண்ட நாள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டதாகத் தாங்களே தெரிவித்துள்ளமையால், இவ்விடயம் இத்துடன் முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது.'

ஆபீசுக்குப் போய் கிளாக்கர் ஐயாவிடம் சொன்னேன். "பாதையைப் பத்தி நான் எழுதலைங்க ஐயா, அது ஒரு மரியாதைக்கு எழுதினது."

"நான் என்னம்மா செய்ய? ஒன் எழுத்துதானே." கோபமாகச் சொல்லவில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

மு. அண்ணனிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "ராஜிகிட்ட நீதான் சொல்லணும், தங்கச்சி."

இப்போது முப்பதாவது படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் பையில். மேலே இன்னும் நாற்பத்திரண்டு. ராஜிக்குக் காய்ச்சல் குறையவில்லை என்று அவள் அம்மா காலையில் சொன்னார். என் தடிச் சத்தம் அவளுக்குத் தெரியும், நின்றுவிட்டதும் தெரிந்திருக்கும். கூப்பிடுகிறாள்.

"அக்கா, லெட்டர் வந்துருச்சா? எப்ப வெட்ட வர்றாங்களாம்?"