சிவப்பு நூல்

மார்ச் 2

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. முழங்காலோடு கால் போனவனுக்கு என்ன நலம்? உன் புருஷனுக்குப் பெயின்ட் கடையில் வேலை கிடைத்ததாமே. அந்த முதலாளியிடம் பேசிவிட்டேன். நாளைக்கு வேண்டாம் என்பார். முன்னால் ஆணிக்கடை, தார்ப்பாய்க் கடை. மூன்றும் என் கைங்கரியம்தான், மறைக்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக என் கயிற்றுக்கடையில் அவருக்கு ஒரே வேலை. புதுச் சுருள் வந்தால் உத்திரத்தில் கட்டி, இரண்டு ஆள் தொங்கிப் பார்த்து, அறாவிட்டால் சிவப்பு நூல் கட்டவேண்டும். நூலை நம்பித்தானே போர்டு மாட்ட அந்தரத்தில் தொங்கி, கயிறு அறுந்து விழுந்தேன்? "பார்க்காம கட்டிட்டேன் மச்சான்" என்று ஆஸ்பத்திரியில் வந்து நின்று சொன்னார். அவ்வளவு சுலபமாக!

இந்தக் கடைத்தெருவில் எந்த ஷட்டருக்குள்ளும் அவர் கால் வைக்கக் கூடாது.

உன் அண்ணன்

மார்ச் 9

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். பெயின்ட் கடையிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சந்தோஷமா? ஐம்பத்திரண்டு வயதில் மூட்டை இறக்கப் போகிறார். உன்னைத் திட்ட வாயெடுத்தால் என்னை அடக்குகிறார். ஜெபத்தில் முதலில் உன் பேர், அப்புறம் உன் மகள் பேர். நான் மூன்றாவது!

சிலுவைப் பாட்டை ஞாயிறுதோறும் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவாயே அண்ணா. அந்தக் கிருபையை என்ன கொடுத்து வாங்கினாய்?

விட்டுவிடு.

உன் தங்கச்சி

மார்ச் 15

தங்கச்சிக்கு,

பிரசங்கம் வேண்டாம். நான் தராசு பிடித்துப் பிழைத்தவன். வாங்கியதைக் குறையாமல் திருப்பிக் கொடுப்பேன். மூட்டை மேஸ்திரியும் எனக்கு வேண்டியவன்தான்.

என் மகள் வேறு தினமும், "மாமாவை விட்டுடுங்கப்பா" என்று உயிரை எடுக்கிறாள். இன்னொரு தடவை அவர் பேரை எடுத்தால் வீட்டை விட்டு வெளியே போ என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

மேஸ்திரியும் மாப்பிள்ளையை நிறுத்திவிட்டான் என்று கேட்டதும் என் மகள் உடைந்துவிட்டாள். அன்று அவர் கடையில் இல்லையாம். அவசரத்தில் சோதிக்காமல் நூல் கட்டியது இவள். "மாமாகிட்ட அழுதேன்ப்பா. நீ வாயைத் திறக்காதே, உங்கப்பன் உன் முகத்தைப் பார்த்துத்தான் பிழைச்சு எழணும், ஏச்சை நான் வாங்கிக்கிறேன்னாரு" என்றாள்.

உனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சிலுவையைப் பற்றி எழுதியிருக்க மாட்டாய், துடைப்பத்தோடு வந்திருப்பாய்.

எனக்குக் கோபம் போகவில்லை. இரண்டு நாள் மகளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து கட்டு மாற்றினாள்; நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை மேல்தான் ஆத்திரம் அதிகம். அடித்தவனை அடிக்கலாம். எனக்காக அடிவாங்கியவனை என்ன செய்வது? ஆண்டவர்மேலும் எனக்கு இந்தக் கோபம்தான் போலிருக்கிறது, கேட்காமலே கொடுத்துவிட்டார்.

நேற்று ஊன்றுகோலோடு கடை கடையாகப் போனேன். மகள் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை. "சோதிக்காம கட்டச் சொன்னது நான். பழியை மாப்பிள்ளை மேல போட்டேன்" என்றேன். ஆணிக்கடைக்காரர், "உன் நூலை நம்பி எத்தனை பேரை மேலே ஏத்தியிருக்கோம், நீயெல்லாம் மனுஷனா?" என்று காறித் துப்பினார். துடைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனேன். மத்தியானத்துக்குள் கட்டடக்காரர்கள் என் சுருள்களை வாசலில் கொண்டுவந்து வீசிவிட்டார்கள்.

பெயின்ட் கடையில் திங்கட்கிழமை மாப்பிள்ளையை வரச் சொன்னார்கள். நான் போய்க் கேட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே.

அண்ணன்